பாடப்புத்தகக் கை

என் அக்காவின் இரண்டு கைகளும் மருத்துவக் கல்லூரியின் உடைமையானது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு. நேரத்தை நான் தவறாகச் சொல்ல மாட்டேன். பேருந்து நிலையத்தின் விசாரணைக் கவுன்ட்டரில் உட்கார்ந்து பதினாறு வருடமாக நேரம் சொல்லிப் பிழைப்பவள் நான். வராத பேருந்துக்குக்கூட நேரம் சொல்லியிருக்கிறேன். ஓர் அலுவலகம் மனிதனை எப்படியெல்லாம் அலைக்கழிக்கும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நானே ஏமாந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். பின்னறையில் ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு சின்னத் திருப்புளி. சட்டத்துக்குள் கண்ணாடியை உட்காரவைத்து, கடுகில் பாதி இருக்கும் திருகாணியை முடுக்கித் தர வேண்டும். பத்தொன்பது வருடம் அதைத்தான் செய்தாள். ஐந்து மாதமாக அவளுக்குக் காலையில் விரல் மடங்கவில்லை. வெந்நீரில் ஒரு மணி நேரம் கையை வைத்திருந்தால்தான் சீப்பைப் பிடிக்க முடியும். கடையில் திருகாணிகள் கீழே விழ ஆரம்பித்தன. முதலாளி நல்ல மனிதர். முதல் மாதம் பேசாமல் இருந்தார். மூன்றாம் மாதம் தரையில் தேட ஒரு காந்தம் வாங்கித் தந்தார். ஐந்தாம் மாதம், டாக்டரைப் பார்த்தாயா என்று கேட்டார்.

எங்கள் தெருவில் இருக்கும் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, அக்காவுக்குப் புரியும்படி சொன்னார்.

"உடம்புக்குள்ள காவலுக்குன்னு செல் இருக்கும்மா. எதிரி வந்தா ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பிக்கும். அந்தச் சேதி ஒரு வகைப் புரதம். உங்களுக்கு எதிரி யாரும் வரல. சேதி மட்டும் நிக்காம போய்க்கிட்டே இருக்கு. அதை நம்பி எல்லாம் மூட்டுக்குள்ள கூடி, சொந்த எலும்பையே அரிக்குது. அந்தச் சேதியை வழியிலேயே மறிக்க ஊசி இருக்கு. ஒரு வருஷத்துக்குள்ள போட்டா கை தப்பிச்சிடும். விட்டா விரல் கோணிக்கும். அப்புறம் எந்த ஊசி போட்டாலும் நிமிராது."

அந்த ஊசி மருத்துவக் கல்லூரியில் இலவசம் என்றும், துறைத் தலைவரின் கையெழுத்து மட்டும் வேண்டும் என்றும் சொன்னார். 'மட்டும்' என்ற சொல்லை நானும் கவுன்ட்டரில் தினமும் உபயோகிக்கிறேன். அப்போதாவது உஷாராகியிருக்க வேண்டும்.

துறைத் தலைவர் தனியாக வரவில்லை. முன்னால் அவர், பின்னால் பதவி வரிசைப்படி பதினான்கு பேர். அவர் நின்றால் எல்லோரும் நின்றார்கள். அவர் மூக்கைத் தடவினால் ஒருவர் ஜன்னலைச் சாத்தினார். அக்காவின் கைகளை எடுத்து வெகு நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அருமை" என்றார். பதினான்கு பேரும் பதவி வரிசைப்படி "அருமை" என்றார்கள்.

"ரெண்டு கையும் ஒரே மாதிரி வீங்கியிருக்கு பாருங்க. விரல் முட்டி, நடு மூட்டு, மணிக்கட்டு, ஒண்ணுகூடப் பிசகல. இது பாடப்புத்தகக் கை. என் சர்வீஸ்ல நான் இப்படி ஒண்ணு பாத்ததில்ல."

அக்கா வெட்கப்பட்டாள். சிரிக்காதீர்கள். நாற்பத்தொரு வருடத்தில் அவளை யாரும் எதற்கும் அருமை என்று சொன்னதில்லை, நான் உட்பட. அவர் கையை விட்ட பிறகும் அவள் அதை அப்படியே நீட்டிக்கொண்டிருந்தாள்.

பதிவு எழுத்தர் ஒரு படிவத்தை நீட்டினார். தலைப்பு 'கற்பித்தல் நோயாளிகள் பதிவேடு'. ஊசி வேண்டுமென்றால் இதில் கையெழுத்துப் போட வேண்டுமாம். அதன் ஒன்பதாம் விதி, இதில் பதிவானவர் வேறெந்த மருத்துவமனையிலும் அந்த ஊசிக்குப் பதிய முடியாது என்று சொன்னது. எழுத்து மிகப் பொடியாக இருந்தது. கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவளுக்குப் பொடி எழுத்து தெரியும், ஆனால் அவள் படிக்கிற மனநிலையில் இல்லை. நான் படித்தேன். படித்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரி இருக்கும்போது வேறு எங்கே போகப் போகிறோம் என்று நினைத்தேன். மணி பதினொன்றே கால்.

ஊசி எப்போது என்று துறைத் தலைவரிடம் கேட்டேன்.

"போடலாம், போடலாம். நாலு மாசத்துல இறுதித் தேர்வு. வெளியூர்லேர்ந்து தேர்வாளர்கள் வர்றாங்க. இந்த வீக்கத்தை அவங்க பாக்காம போனா அது எனக்கு நஷ்டமில்லம்மா, மருத்துவத்துக்கே நஷ்டம். தேர்வு முடிஞ்ச மறுநாள் முதல் ஊசி உங்க அக்காவுக்குத்தான்."

அதுவரைக்கும் வாரம் ஒரு நாள் சாப்பிட மாத்திரை கொடுத்தார்கள். அதில் வலி கொஞ்சம் குறைந்தது. தேர்வுக்குப் பதினைந்து நாள் முன்னால் துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மாத்திரையை நிறுத்தி வைக்கவும், கைகளை இயல்பான நிலையில் கொண்டுவரவும் என்று இருந்தது. இயல்பான நிலை என்றால் என்ன என்று தொலைபேசியில் கேட்டேன். வீங்கிய நிலை என்றார்கள்.

தேர்வு நடந்த நீண்ட அறையில் பன்னிரண்டு கட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஓர் உறுப்பு படுத்திருந்தது. அங்கே ஆளுக்குப் பெயர் கிடையாது. பதிவு எழுத்தர் வாசலில் நின்றுகொண்டு, "கை வந்தாச்சா?" என்றார். "கை வந்தாச்சு சார்." "நுரையீரல்?" "ரெடி சார்." "மண்ணீரல்?" "மண்ணீரல் டீ குடிக்கப் போயிருக்கு சார்."

டீ குடித்துவிட்டு வந்த மண்ணீரல், லாரி ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர். பதினோரு வருடமாக ஒரு தேர்வும் தவறவிட்டதில்லை. அவரைத் தொட்டுப் பார்த்துத் தேறிய டாக்டர்கள் நாடெங்கும் இருப்பதாகச் சொன்னார். அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த இடத்தின் நடைமுறையைச் சொல்லிக்கொடுத்தார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும்மா. நோய் பேரை வாய் தவறியும் சொல்லிடக் கூடாது. வலிச்சா முகத்தைச் சுளிக்கலாம். அவங்க நம்ம முகத்தைப் பாத்துக்கிட்டே அழுத்தணும், அதுக்குத் தனி மார்க். ஆனா கத்தினா அவங்க மார்க் போயிடும், பாவம்."

கையில் எண்ண வேண்டிய மூட்டுகள் போதாதென்று தோள், முழங்கால் எல்லாம் சேர்த்து இருபத்தெட்டு மூட்டுகள் என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொன்றையும் மாணவர் தன் நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்திப் பார்க்க வேண்டும். முப்பத்தெட்டு மாணவர்கள். ஆயிரத்து அறுபத்து நான்கு அழுத்தல்கள். என் அக்கா ஒரு தடவைகூடக் கத்தவில்லை. சாயங்காலம் அவளுக்கு ஒரு ரொட்டியும் பாராட்டுச் சான்றிதழும் கொடுத்தார்கள். அதை வாங்க அவளால் விரலை மடக்க முடியவில்லை. இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வந்தாள். முப்பத்தெட்டு பேரும் தேறிவிட்டார்களாம் என்று வீட்டில் பெருமையாகச் சொன்னாள். நான் வெந்நீர் போட்டேன்.

மறுநாள் ஊசி போடவில்லை. ஊசிக் குழு என்று ஒன்று இருப்பதுதான் அன்று தெரிந்தது. ஊசிக் குழுவில் ஒன்பது பேர். முதல் கூட்டத்தில் குழுவின் பெயரை 'ஊசி வழங்கும் குழு' என்பதிலிருந்து 'ஊசி வழங்கல் பரிசீலனைக் குழு' என்று மாற்றினார்கள். இரண்டாம் கூட்டத்தில் முதல் கூட்டத்தின் குறிப்பை வாசித்து நிறைவேற்றினார்கள். மூன்றாம் கூட்டத்தில் அக்காவின் கோப்பை எடுத்தார்கள். முடிவு தபாலில் வந்தது. மாத்திரை பலன் தரவில்லை என்று நிரூபிக்கப்பட்ட நோயாளிக்கே ஊசி. இந்த நோயாளி நடுவில் பதினைந்து நாள் மாத்திரை சாப்பிடவில்லை. ஆகவே மாத்திரை பலன் தரவில்லை என்று சொல்வதற்கில்லை.

மாத்திரையை நிறுத்தச் சொன்ன கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் பதிவு எழுத்தர் முன்னால் வைத்தேன். அவர் அதை மரியாதையோடு படித்தார். இரண்டு கடிதங்களும் சரியானவைதான் என்றார். ஒன்று தேர்வுப் பிரிவின் கடிதம், இன்னொன்று ஊசிப் பிரிவின் கடிதம். இரண்டு பிரிவுக்கும் துறைத் தலைவர் ஒருவரே என்பதால் முரண்பாடு எழ வாய்ப்பில்லை என்று விளக்கினார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி செய்யவில்லை, மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

பிறகு, கல்லூரிகளைச் சோதிக்கும் ஆய்வுக்குழு வரப்போவதாகச் சொன்னார்கள். துறைக்கு மேற்படிப்பு இடங்கள் நான்கு கூடுதலாகக் கிடைக்க வேண்டுமானால், இன்னும் ஊசி தொடங்காத, நோய் முழு வேகத்தில் இருக்கிற நோயாளி ஒருவரையாவது ஆய்வுக்குழுவிடம் காட்ட வேண்டுமாம். அதுவரை அக்கா பொறுத்துக்கொள்ள வேண்டும். படிவத்தில் கையெழுத்துப் போட்டு இப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. அவளுடைய சுண்டுவிரல் வெளிப்பக்கமாகச் சாய ஆரம்பித்திருந்தது. நான் துறைத் தலைவரின் அறைக்கு நேராகப் போனேன். அவர் கோபப்படவில்லை, நாற்காலியைக் காட்டினார்.

"யோசிச்சுப் பாரும்மா. உங்க அக்கா விரல்லேர்ந்து நாலு டாக்டர் உருவாகப் போறாங்க."

"அந்த நாலு பேர் என்ன சார் பண்ணுவாங்க?"

"இந்த மாதிரி கை வந்தா காப்பாத்துவாங்க."

சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். நான் ஏதோ நல்ல கேள்வி கேட்டுவிட்ட மாதிரி. வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். ஆட்சேபணை இருப்பதாக மறுநாளே எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் துறையில் எனக்குக் கேட்ட மறுநாளே கிடைத்த ஒரே காகிதம் அதுதான்.

நான்கு இடங்கள் கிடைத்தன. லட்டு கொடுக்கும் வழக்கமெல்லாம் அங்கே இல்லை, கைதட்டினார்கள். அந்த மாதம்தான் கண்ணாடிக் கடை முதலாளி அக்காவை உட்காரவைத்துப் பேசினார். ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் கண்ணாடி வகுப்பு நடுவில் கழன்று விழுந்துவிட்டதாம். சொல்லும்போது முதலாளிக்கே கண் கலங்கியிருந்தது என்று அக்கா சொன்னாள். அவள் திருப்புளியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

அடுத்தது வெள்ளிவிழாக் கருத்தரங்கம். துறைத் தலைவரின் ஆராய்ச்சியே இந்தச் சேதிப் புரதங்களைப் பற்றித்தான். அவற்றில் ஆறாம் எண்ணுள்ள ஒன்றை அவர் சொந்தப் பிள்ளையைப் போலப் பேசுவார். அக்காவின் மணிக்கட்டில் ஊசி குத்தி எடுத்த நீரில் அந்தப் புரதம் அந்தத் துறையிலேயே இதுவரை யாருக்கும் இல்லாத அளவு இருந்ததாம். மேடையில் அக்காவைக் காட்ட வேண்டும். ஆனால் நோயாளியின் முகத்தைக் காட்டுவது அவருடைய அந்தரங்கத்தைக் குலைக்கும் செயல் என்று ஒரு விதி இருக்கிறது. எனவே மேடையில் ஒரு மரத் தட்டி நிறுத்தி, அதில் இரண்டு ஓட்டை போட்டு, அவற்றின் வழியாகக் கைகளை மட்டும் வெளியே நீட்டச் சொன்னார்கள். அக்கா தட்டிக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்று முழங்கையைத் தாங்கிக்கொண்டேன். எங்கள் அந்தரங்கம் பத்திரமாக இருந்தது.

தட்டிக்கு அந்தப் பக்கம் துறைத் தலைவர் பேசினார்.

"நண்பர்களே, இந்தப் புரதம் ஒரு சேதி. எதிரி வந்துவிட்டான் என்கிற சேதி. ஆனால் எதிரி இல்லை. ஒரு செல் சொல்வதை இன்னொரு செல் சரிபார்ப்பதில்லை. மேலிடத்திலிருந்து வந்தது என்று அப்படியே அடுத்ததற்கு அனுப்பிவிடுகிறது. கூட்டம் கூடிக்கொண்டே போகிறது. யாரைக் காக்க வந்தார்களோ அவர் வீட்டையே இடிக்கிறார்கள். இடிப்பவர்கள் எல்லோரும் கடமையைச் செய்வதாகவே நினைக்கிறார்கள். இந்த அழிவை நிறுத்தும் ஊசி நம் கையில் இருக்கிறது. இரண்டே மாதத்தில் இந்த வீக்கம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். ஆனால் நண்பர்களே, நிறுத்திவிட்டால் இந்த அழிவை நாம் எப்படித்தான் கற்பது?"

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. அக்கா என் பக்கம் திரும்பி, நன்றாகப் பேசுகிறார் என்று கிசுகிசுத்தாள். பிறகு தட்டியின் ஓட்டைகளைப் பார்த்தாள்.

"ஊசி நம்மகிட்டயே இருக்குன்னு சொல்றாரே. அப்போ என்னைப் பாத்துக்கிட்டேதானே போடாம வச்சிருந்தாங்க?"

அந்தப் பக்கம் புகைப்படம் எடுக்கும் வெளிச்சம் ஓட்டை வழியாக வந்து வந்து போனது. கைகளை உள்ளே இழுத்துக்கொள்ள அவள் பார்த்தாள். ஓட்டையின் அளவைவிட மணிக்கட்டு வீங்கிவிட்டிருந்தது. தச்சரைக் கூப்பிட்டு வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அதற்கு அடுத்த மாதம் மண்ணீரல் அண்ணன் இறந்துபோனார். துறையில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். ஏழு பேர் பேசினார்கள். வீங்கிய மண்ணீரல் விலா எலும்புக்குக் கீழே பதினெட்டு சென்டிமீட்டர் என்றார் ஒருவர். இல்லை, உச்சத்தில் இருந்தபோது இருபது என்றார் இன்னொருவர். இப்படிப்பட்ட ஒன்று இனி வராது என்று மூன்றாமவர் குரல் தழுதழுக்கச் சொன்னார். அவர் லாரி ஓட்டினார் என்றோ, அவருக்குப் பேத்திகள் இருந்தார்கள் என்றோ ஒருவருக்கும் தெரியவில்லை. அவருடைய மனைவி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். யாருக்காக அழுகிறார்கள் என்று புரியாமல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொள்ள அக்கா நினைத்தாள், பிடிக்க முடியவில்லை. கையை அவர் தோளில் வைத்தாள்.

இரண்டாம் வருடத்தின் நடுவில் வீக்கம் தானாகவே வற்றியது. அக்கா சந்தோஷப்பட்டாள். நானும்தான். தெரு டாக்டரம்மாதான் எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார். அரிக்க இனி ஒன்றுமில்லாததால் நெருப்பு அணைந்திருக்கிறது என்றார். மணிக்கட்டு எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. விரல்கள் நான்கும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டன. இனி நிமிராது. அதே வாரம் ஊசிக் குழுவின் இறுதி முடிவும் வந்தது. வீக்கம் இல்லாத நோயாளிக்கு ஊசி தேவையில்லை. நலமடைந்ததற்கு வாழ்த்துகள்.

துறைத் தலைவர் அக்காவின் கையைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். குளிர்ந்துபோயிருந்தது. "கை போச்சு" என்றார். பதினான்கு பேரும் "கை போச்சு" என்றார்கள். ஆனால் அவர் ஈவிரக்கம் இல்லாதவர் அல்ல. மண்ணீரலின் இடம் காலியாக இருப்பதாகவும், நிரந்தரக் கோணல் என்ற பிரிவில் அக்காவை நிலையான தேர்வு நோயாளியாக நியமிக்கலாம் என்றும் சொன்னார். மாதச் சம்பளம் உண்டு. கோணல் மாறும்படியான எந்தச் சிகிச்சையும் செய்துகொள்ளக் கூடாது என்பது நிபந்தனை. கூடுதலாக, புதிதாக வரும் நோயாளிகளுக்கு நடைமுறையைச் சொல்லிக்கொடுக்கவும் வேண்டும். அக்கா யோசித்துச் சொல்கிறேன் என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளைத் திட்டினேன். அவள், வேறு யார் இந்தக் கைக்கு வேலை கொடுப்பார்கள் என்று மட்டும் கேட்டாள். நான் இன்னும் சத்தமாகத் திட்டினேன்.

கடைசியில் அவள் ஒப்புக்கொண்டு நியமன ஆணையை வாங்கப் போன நாளில் அடுத்த இறுதித் தேர்வுக்கு மூன்று மாதம் இருந்தது. பதிவு எழுத்தரின் அறைக்கு வெளியே, பெஞ்சில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்து மூன்று வயது இருக்கும். பேக்கரியில் கேக்கின் மேல் பூ வரைகிற வேலையாம். மடியில் வைத்திருந்த கைகள் இரண்டும் சிவந்து, ஒரே மாதிரி, ஒரு மூட்டுகூடப் பிசகாமல் வீங்கியிருந்தன. துறைத் தலைவர் காலையிலேயே பார்த்துவிட்டார் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அந்த வெட்கத்தை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். அவள் பக்கத்தில் படிவம் இருந்தது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பேனா பிடிக்க வலிக்கிறதாம், கொஞ்சம் ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

பதிவு எழுத்தர் கதவைத் திறந்து, "இவங்கதான் பழைய கை. இவங்ககிட்ட கேட்டுக்கோம்மா, எல்லாம் சொல்வாங்க" என்று சொல்லிவிட்டு, நியமன ஆணையை எடுக்க உள்ளே போனார்.

அக்கா அந்தப் பெண்ணின் கைகளையே பார்த்தாள். அவளுக்கு ஒரு நிமிடம் பொறாமையாக இருந்தது என்று பின்னால் என்னிடம் சொன்னாள். வீக்கத்தின் மேல் பொறாமை. அந்த அளவுக்கு அவளைப் பழக்கியிருந்தார்கள்.

"அக்கா, இங்க நல்லா பாத்துக்கிறாங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ரொம்ப நல்லா பாக்குறாங்க" என்றாள் அக்கா. "ரெண்டு வருஷமா பாத்துக்கிட்டேதான் இருக்காங்க."

சொல்லிவிட்டு, தன் இரண்டு கைகளையும் அவள் முன்னால் நீட்டினாள். அந்தப் பெண் பார்த்தாள். அக்கா குனிந்து, படிவத்தை மணிக்கட்டுகளுக்கு இடையில் இடுக்கி எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

"நீ வச்சுக்கோ. தொழிற்பேட்டை ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்?"

பதினாறு வருடத்தில் யாரும் என்னிடம் அவ்வளவு சரியான கேள்வியைக் கேட்டதில்லை. தொழிற்பேட்டையில் இருப்பது சின்ன மருத்துவமனை. பேராசிரியர் கிடையாது, தேர்வு கிடையாது. அதே ஊசி மட்டும் உண்டு. இதெல்லாம் எனக்கு மிகவும் தாமதமாகத் தெரிந்தது. பன்னிரண்டு பத்துக்கு ஒரு பேருந்து இருந்தது. அது உண்மையாகவே வரும் பேருந்து. மூன்று பேரும் நடந்தோம். பின்னால் நடைவழியில் "கை எங்க?" என்று ஒரு குரல் கேட்டது. அக்கா திரும்பவில்லை. அவளுடைய வேலையும் அந்த அறையிலேயே மேசை மேல் கிடந்தது.

அந்தப் பெண்ணுக்கு மூன்றாம் வாரமே ஊசி ஆரம்பித்தார்கள். மூன்று மாதம் கழித்து, தேர்வு நடந்த அதே வாரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அக்கா தண்ணீர் பாட்டிலை நீட்ட, அந்தப் பெண் பேச்சுவாக்கில் மூடியைத் திருகித் திறந்தாள். திறந்த பிறகுதான் நாங்கள் மூவரும் அதைக் கவனித்தோம். அக்கா, இன்னொரு தடவை மூடித் திற என்றாள். திறந்தாள். அக்கா சிரித்தாள். பிறகு எழுந்து உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை. அவளுக்குச் சந்தோஷம்தான், ஆனால் சந்தோஷம் மட்டுமில்லை. எனக்கும் அப்படித்தான். அக்காவை அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட விட்டவள் நான்.

அன்றைக்குத் தபாலில் துறையின் குறிப்பாணை வந்திருந்தது. தேர்வுக்கெனத் தேர்வு செய்யப்பட்ட ஒரு ஜோடிக் கைகளையும், நியமனத்துக்கு ஒப்புதல் பெற்ற இன்னொரு ஜோடிக் கைகளையும், உரிய அனுமதியின்றித் துறை வளாகத்திலிருந்து அகற்றிய குற்றத்துக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். இதனால் முப்பத்தொன்பது மாணவர்களின் தேர்வு பாதிக்கப்பட்டதாகவும் இருந்தது. பதினைந்து நாளுக்குள் பதில் அனுப்ப வேண்டும். பதில் கைப்பட எழுதப்பட்டிருக்க வேண்டும். தட்டச்சு ஏற்கப்பட மாட்டாது.

அக்கா பேனாவைக் கட்டை விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் செருகிப் பார்த்தாள். தேதியின் முதல் எண்ணிலேயே நழுவிவிட்டது. நான் எழுதுகிறேன் என்று பேனாவை எடுக்கப் போனேன். அதற்குள் அந்தப் பெண், "நான் எழுதட்டுமா அக்கா?" என்றாள்.

அக்கா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எழுது என்றாள். நிதானமாக ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். கேக்கில் பூ வரைகிற பெண் அல்லவா, எழுத்து குண்டு குண்டாக, வரி பிசகாமல் வந்தது. மொத்தம் மூன்றே வரி.

'ஐயா, தங்கள் குறிப்பாணை கிடைத்தது. தாங்கள் தேடும் கைகளில் ஒரு ஜோடிதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறது. இன்னொரு ஜோடி இனி எழுதாது.'